மூன்றாம் வழியின் நான்காவது ஓய்விடம்

பூங்கா அலுவலகத்தில் அவளுக்குச் சக்கரம் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. ஐம்பத்து மூன்று வயதில், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் சரளைப் பாதையில் சைக்கிள் மிதித்துச் சம்பளம் வாங்குகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

ஆறு வளைந்து வளைந்து போகிற அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இயற்கைப் பூங்கா. கார் உள்ளே வரக் கூடாது. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். சைக்கிள்காரர்களுக்கென்று மூன்று வழிகள் உண்டு. முதல் வழி பதினெட்டு கிலோமீட்டர், குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கு. இரண்டாவது முப்பத்து நாலு. மூன்றாவது அறுபத்தொன்று; அது தொடையில் சரக்கு இருக்கிறவர்களுக்கு. மூன்றையும் போட்டது சக்கரம்தான். போட்டாள் என்றால் மண்வெட்டி எடுத்து வெட்டினாள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதைகள் ஏற்கெனவே கிடந்தன. வெள்ளத் தடுப்புக் கரை, மரம் வெட்டுகிறவர்கள் லாரி விட்ட மண் ரோடு, தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு மிஞ்சிய பழைய ரயில் மேடு என்று எல்லாம் தனித்தனியாக இருந்தன. எதை எதோடு கோர்த்தால் ஒருவன் காலையில் கிளம்பி, ஆற்றையும் பார்த்து, எலும்பும் முறியாமல் சாயங்காலம் வீடு திரும்புவான் என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

சைக்கிள் கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி மாட்டியிருப்பாள். அலுவலகத்தில் அதைப் பெட்டி என்பார்கள். அவள் போகிற இடமெல்லாம் பெட்டி கோடு போட்டுக்கொண்டே வரும். அந்தக் கோட்டைத்தான் அலுவலகத்தில் கணினியில் ஏற்றி எல்லாருக்கும் கொடுப்பார்கள். வருகிறவர்கள் அதைத் தங்கள் ஃபோனில் இறக்கிக்கொண்டு, கோடு போகிற பக்கம் போவார்கள். எங்கே சரளை இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்து சறுக்கும், எந்த வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் பல் போகும் என்றெல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் குறிப்பு எழுதியிருப்பாள்.

ஆனால் ஓட்டிய கோட்டை அப்படியே ஏற்றக் கூடாது. சுத்தம் செய்ய வேண்டும். மனுஷி என்றால் வழியில் ஒதுங்குவாள், வழி தவறுவாள், டயர் பஞ்சரானால் உட்கார்ந்து ஒட்டுவாள். பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. ஒதுங்கின புதரையும் அது வழி என்றே போடும். இவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மனிதர் ஒரு தடவை சுத்தம் செய்ய மறந்துபோய், நாற்பது சைக்கிள்காரர்கள் வரிசையாக ஒரு முள்புதருக்குள் போய் வந்தார்கள் என்று அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அதைவிட வேடிக்கை, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓர் இடத்தில் நின்றால் பெட்டி தானாகவே அங்கே ஒரு டீக்கோப்பைப் படம் போட்டு ‘ஓய்விடம்’ என்று எழுதிவிடும். எத்தனை நிமிடம் நின்றோம் என்றும் கீழே போட்டுவிடும். பொய்யான ஓய்விடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும்.

சக்கரம் இந்தச் சுத்தம் செய்வதில் கெட்டிக்காரி. மற்ற இரண்டு வழிகளில் அவளுக்கு ஒன்றும் பெரிதாக அழிக்க இருக்காது. மூன்றாம் வழியில்தான் ஒவ்வொரு தடவையும் தவறாமல் ஒரு துண்டை வெட்டி எடுப்பாள். நாற்பத்தோராவது கிலோமீட்டரில், பழைய நீரேற்று நிலையம் தாண்டியதும், கோடு ஆற்றங்கரையை விட்டு இடது பக்கம் திரும்பும். ஒரு சந்துக்குள் நானூறு மீட்டர் போகும். அங்கே ஏழு நிமிடம் நிற்கும். பிறகு போன வழியே திரும்பி வந்துவிடும்.

அந்தச் சந்தில்தான் அவளுடைய அக்கா வீடு.

எதிரே ஒரு பெரிய மரம். அதன் பின்னால் சைக்கிளோடு நின்றால் வீட்டின் சமையலறை ஜன்னல் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா டீ குடித்த கோப்பையைக் கழுவ ஜன்னல் பக்கம் வருவாள். வந்தால் ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. நரைத்துப்போன தலை, முழங்கை வரை சுருட்டிய சட்டைக்கை, கோப்பையை விளக்குக்கு நேராகப் பிடித்துக் கறை போயிற்றா என்று பார்க்கிற அந்தப் பார்வை. அவ்வளவுதான் தெரியும். அதற்காக இவள் அறுபத்தொரு கிலோமீட்டர் மிதிப்பாள். ஒரு தடவை அக்காவின் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. விழுந்தாளா, சுட்டுக்கொண்டாளா, யாரைக் கேட்பது? அடுத்த முறை போகிற வரைக்கும் மூன்று மாதம் இவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை கட்டு இல்லை என்று கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. அதையும் சொல்ல ஆளில்லாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தனியாக அழுதாள்.

வழிகளை வருடத்துக்கு நான்கு தடவை ஓட்டிப் பதிவு செய்வார்கள். ஆறு வருடமாக இந்தக் கூத்து. கூட்டிப் பார்த்தால், சொந்த அக்காவை அவள் பார்த்தது மொத்தம் முக்கால் மணி நேரம்கூட வராது. நினைத்தால் தினமும் போயிருக்கலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் அவளுக்கு ஒரு சட்டம். வேலையாக அந்தப் பக்கம் போகும்போது நின்றால் அது அவளாகத் தேடிப் போனதாகாதாம். நமக்கு நாமே போட்டுக்கொள்கிற சட்டத்தில்தான் எத்தனை சாமர்த்தியம் பாருங்கள்.

சண்டை என்று பார்த்தால் ஒரே ஒரு சாயங்காலத்துச் சண்டை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், அம்மா எட்டு மாதமாக அக்கா வீட்டில் படுக்கையில் இருந்தாள். தூக்கிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “நாலு மணிக்கு வந்துடு, ரெண்டு மணி நேரம் நான் கண்ணை மூடறேன்” என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். தங்கை மூன்று மணிக்கே கிளம்பினாள். வெயில் நன்றாக இருந்தது. புதிதாகத் திறந்த கரைப் பாதை ஒன்று இருந்தது. இப்படிப் போனால் பத்து நிமிடம்தானே அதிகம் என்று திரும்பினாள். அந்த வளைவைத் தாண்டினால் இன்னொரு வளைவு. நீர்நாய் ஒன்று குட்டியோடு குறுக்கே போயிற்று, நின்று பார்த்தாள். ஆறு பத்துக்கு அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அம்மா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“சின்னவ வந்தாளா, சின்னவ வந்தாளான்னு கேட்டுக்கிட்டே போனாங்க,” என்றாள் அக்கா. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “நீ போ. போய் சைக்கிள் ஓட்டு. இனிமே இந்த வாசலை மிதிக்காத.”

துக்கத்தில் சொன்ன வார்த்தை, நாலு நாளில் ஆறிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். தங்கை இரண்டு தடவை ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை செய்திருந்தால் அக்கா எடுத்திருப்பாளோ என்னவோ. இவளுக்கும் ரோஷம் கொஞ்சநஞ்சமா? செய்யவில்லை. அதோடு போயிற்று ஒன்பது வருடம். இப்போது அவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அக்கா பழையபடி அவளோடு பேச வேண்டும். திட்டினாலும் சரி.

இந்த வருடம் வெள்ளம் வந்து மூன்றாம் வழியில் இருந்த மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. வழியைக் கிழக்குக் கரைப் பக்கமாக மாற்றி மறுபடியும் ஓட்ட வேண்டியதாயிற்று. சக்கரம் ஓட்டினாள், வழக்கம்போல் சந்தில் நின்றாள், அலுவலகம் வந்து துண்டை வெட்டினாள், கோப்பைப் படத்தை அழித்தாள், சேமித்தாள். மற்றவர்களாக இருந்தால் சுத்தம் செய்த கையோடு பழைய பதிவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவள் போடமாட்டாள். அழுக்குப் பதிவுகளையெல்லாம் தனியாக ஒரு கோப்பில் வைத்திருந்தாள். அக்கா வீட்டுப் பக்கம் நீளுகிற அந்தக் குட்டிக் கோடு இருக்கிறதே, அதை அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்வாள். அதில் என்ன இருக்கிறது பார்க்க? போயிருக்கிறாள், திரும்பியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனாலும் பார்ப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மேலாளர் உள்ளறையிலிருந்து, “சக்கரம், மூணாம் வழி ஏத்தியாச்சா? ஜனங்க ஃபோன் மேல ஃபோன் போடறாங்க!” என்று கத்தினார். “இதோ சார்!” என்று இவளும் கத்திவிட்டு, பதற்றத்தில் எது திறந்திருந்ததோ அதை ஏற்றினாள். ஏற்றிவிட்டுக் கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்து வாரம் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். வரைபடம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம் அது. நல்ல மனிதர், ஆனால் எண்ணிக்கை தப்பினால் தூக்கம் வராது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணாம் வழியில எத்தனை ஓய்விடம் வச்சோம்?”

“மூணு சார்.”

“இங்க நாலு இருக்கே?”

சக்கரம் திரையை எட்டிப் பார்த்தாள். நாற்பத்தோராவது கிலோமீட்டர். சந்து. கோப்பைப் படம். ‘நின்ற நேரம்: 7 நிமிடம்.’  ஆறு வருடத்துக் குட்டு ஊருக்கே தெரிகிற மாதிரி திரையில் பளிச்சென்று கிடந்தது.

“தப்பா ஏறியிருக்கும் சார். இப்பவே எடுத்துடறேன்.”

“இரும்மா, இரு. தப்பான இடத்துக்கு இத்தனை பேர் இப்படி எழுதுவாங்களா? கேளு.” அவர் சைக்கிள்காரர்கள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். “‘நான்காவது ஓய்விடம்தான் இந்த வழியிலேயே சிறந்தது. தண்ணீர், டீ, பிஸ்கட். ஒரு வயதான அம்மா நடத்துகிறார்.’ இன்னொண்ணு. ‘கை கழுவாமல் பிஸ்கட் எடுத்ததற்குத் திட்டு வாங்கினேன். ஐந்து நட்சத்திரம்.’ இது கேளு, ‘தலைக்கவசத்து வாரை ஒழுங்காகப் போடவில்லை என்று அந்த அம்மாவே இழுத்துப் போட்டுவிட்டார். கழுத்து நெரிந்தது. மறுபடியும் போவேன்.’”

கை கழுவச் சொல்கிற, வாரை இழுத்து நெரிக்கிற அந்த அம்மா யாரென்று சக்கரத்துக்குச் சொல்லவும் வேண்டுமா? பள்ளிக்கூடம் போகிற நாளில் அதே கை அவள் பின்னலை இழுத்த இழுப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். இப்போதும் வந்தது. மேலாளர் பார்த்துவிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆனா இது கொஞ்சம் உதைக்குது,” என்றார் அவர். “‘பார்க்கில் வேலை செய்கிறவரா என்று எல்லாரையும் விசாரிக்கிறார். இல்லை என்றால் பேசாமல் உள்ளே போய்விடுகிறார்.’ நாலஞ்சு பேர் இதையே எழுதியிருக்காங்க. நம்ம மேல புகார் சொல்ல ஆள் தேடறாங்க போலிருக்கு. நியாயம்தானே? கேட்காம கொள்ளாம அவங்க வீட்டை ஓய்விடமாக்கிட்டோம்.”

“யாரையாவது அனுப்பலாம் சார்.”

“யாரையாவதா? பதிவு பண்ணினவங்கதான் நேர்ல போகணும், விதி அப்படி. தனியார் இடம். இருக்கட்டும்னாலும் அவங்க கையெழுத்து வேணும், எடுத்துடுங்கன்னாலும் கையெழுத்து வேணும். ஜனங்க போக ஆரம்பிச்ச இடத்தை நாமா அழிக்க முடியாது.” இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள வாங்கிட்டு வந்துடு. ரெண்டு திட்டுத் திட்டினாலும் வாங்கிக்க, என்ன?”

இரண்டு திட்டு! அவள் ஒன்பது வருடமாக ஏங்குவதே அந்தத் திட்டுக்குத்தான் என்று அந்த மனிதருக்கு எங்கே தெரியும்?

செவ்வாய் போகவில்லை, மழை என்றாள். புதன் போகவில்லை; செயின் சரியில்லை என்று இரண்டு மணி நேரம் நன்றாக இருந்த செயினைத் துடைத்தாள். பக்கத்து மேஜையில் பறவைக் கணக்கெடுக்கிறவர், “கல்யாணத்துக்குப் போற சைக்கிளா இது, இப்படிப் பளபளக்குது?” என்று கேட்டார். வியாழக்கிழமை வேறு சாக்கு அகப்படவில்லை. படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பிடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நேர் ரோட்டில் போனால் முக்கால் மணி நேரம். அவள் மூன்றாம் வழியைத் தொடக்கத்திலிருந்தே ஓட்டினாள். கோழைத்தனம்தான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு காலை வெயிலில் கிடந்த அழகைப் பார்த்தால் யாரும் அவளை மன்னித்துவிடுவார்கள். மழை பெய்து சரளை நன்றாக இறுகியிருந்தது. டயருக்குக் கீழே நறநறவென்று ஒரே சீரான சத்தம். வெள்ளம் வடிந்த இடத்தில் கூழாங்கல் திட்டுகள் வெளுத்துக் கிடந்தன. நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, இவள் பக்கத்தில் வரும்வரை அசையாமல் பார்த்தது. ஆறு ஒரு வளைவில் அவளை விட்டு விலகிப் போகும், அடுத்த வளைவில் கிட்டத்தில் வந்துவிடும். இதை அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றும். ஒன்பது வருடமாகத் தோன்றுகிறது. சின்ன வயதில் ஒரே சைக்கிளில் இவள் மிதிக்க, அக்கா பின்னால் உட்கார்ந்து, “மெதுவா போடி, விழுந்து தொலைக்கப் போறோம்” என்று முதுகில் குத்திக்கொண்டே வருவாள். இன்றைக்கும் இறக்கத்தில் வேகம் பிடித்தால் முதுகு அந்தக் குத்தை எதிர்பார்க்கும்.

நாற்பத்தோராவது கிலோமீட்டர் வந்தது. நீரேற்று நிலையம். சந்து.

மரத்தின் பின்னால் நிற்கலாமா என்று பிரேக்கைப் பிடித்தாள். நிற்க முடியவில்லை, அந்த இடத்தை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. வீட்டு கேட் விரியத் திறந்திருந்தது. அதில் ஒரு அட்டை: ‘மணி அடிக்கவும். கை கழுவவும். கேட்டை மூட வேண்டாம்.’ அக்காவின் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் அதட்டியது. உள்ளே முற்றத்தில் புதிதாக அடித்த பெஞ்சில் இரண்டு பேர் தொடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் குழாயடியில் ஒழுங்காகக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சக்கரம் மணி அடித்தாள். 

வந்தவர் அத்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வாழ்க்கையில் யாரையும் அதட்டி அறியாதவர். கையில் சுத்தியல், காதில் பென்சில். அவளைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார், வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.

“வாம்மா,” என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. “இப்பதான் வழி தெரிஞ்சுதா? இரு, இரு, அங்கேயே நில்லு. இல்ல, உள்ள வந்து நில்லு. ரெண்டாவது பெஞ்ச் இன்னும் ஆணி அடிக்கல, அதுல மட்டும் உக்காராத.”

“அக்கா எப்படி இருக்கா அத்தான்?”

“முழங்கால் வலிதான். டாக்டர் நடக்காதன்னு சொல்லியிருக்கார். யார் கேக்கறா? மணி அடிச்சா எந்திரிச்சு ஓடி வருவா. நான் போய்ப் பாக்கறேன்னா விடமாட்டா.”

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். கையில் தட்டு, தட்டில் ஐந்து டீ. அவள் தங்கையைப் பார்த்தாள். இந்த இடத்தில் தட்டு கை நழுவி விழுந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். விழவில்லை. விழ விடுகிற ஆளில்லை அக்கா. சைக்கிள்காரர்கள் நாலு பேருக்கும் நாலு கோப்பை கொடுத்தாள். “சர்க்கரை போதுமா?” என்று கேட்டாள். ஒருவனுடைய சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரி செய்தாள். பிறகுதான் ஐந்தாவது கோப்பையைத் தங்கையிடம் நீட்டினாள்.

“குடி. ஆறிடும்.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு கேட்கிற முதல் வார்த்தை. சக்கரம் குடித்தாள். நாக்கு சுட்டது.

நாலு பேரும் குடித்து முடித்து, கோப்பைகளை அவர்களே கழுவி வைத்துவிட்டு, தலைக்கவச வாரை ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொண்டு கிளம்பிப் போகும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. அவர்கள் போனதும் பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை இப்போது அவளுக்கு மிக அருகில் இருந்தாள். ஜன்னலில் பார்த்ததைவிட அக்காவுக்கு வயதாகியிருந்தது. கழுத்துத் தோல் தளர்ந்திருந்தது. இடது முழங்கைக்குக் கீழே ஒரு நீளமான தழும்பு இருந்தது.

“சொல்லு. என்ன விஷயமா வந்த?”

உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் நாற்பது கிலோமீட்டருக்கு அதைத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்? ஆனால் வாய் திறந்ததும் வந்தது வேறு.

“ஒரு படிவம்க்கா. கையெழுத்து வேணும்.”

“படிவமா?”

“எங்க தப்பால உங்க வீடு ஓய்விடம்னு ஏறிடுச்சு. இருக்கட்டும்னா மேல இருக்கற கட்டத்துல டிக் பண்ணு. வேண்டாம்னா கீழ.”

உங்க வீடு! சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அக்கா கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். அத்தான் ஓடிப்போய்க் கண்ணாடி கொண்டுவந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாயசைத்துப் படித்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். மருந்துப் பாட்டில் சீட்டைக்கூட முழுசாகப் படிக்காமல் விடமாட்டாள். அத்தான் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். “பேனா கொண்டாங்க,” என்றாள். பேனா வந்தது.

அக்கா கீழே இருந்த கட்டத்தில் டிக் செய்தாள். ‘மேற்படி ஓய்விடத்தை உடனே நீக்க வேண்டும்.’ பேனா அழுந்திய அழுத்தலில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது.

சக்கரம் அந்தக் குறியைப் பார்த்தாள். ஆக, மேலாளர் சொன்னதுதான் சரி. பார்க் ஆள் யார் யார் என்று விசாரித்தது இதற்குத்தான். இந்த ஐந்து வாரமும் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள், காலரைச் சரி செய்தாள். தங்கை வந்ததும் வேண்டாம் என்று குறி போட்டுவிட்டாள். இனி அந்த மரத்தின் பின்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பது?

“சரிக்கா,” என்று எழுந்தாள். படிவத்துக்குக் கை நீட்டினாள். “நான் கிளம்பறேன்.”

அக்கா படிவத்தைக் கொடுக்கவில்லை.

“என்னம்மா இது!” என்றார் அத்தான். அவருக்கு நிஜமாகவே மனசு தாங்கவில்லை. “பாவம், தாகத்தோட வர்றாங்க. எனக்கும் பேச்சுக்கு நாலு பேர் கிடைச்சாங்க. ரெண்டாவது பெஞ்ச் வேற முக்கால்வாசி முடிஞ்சுது.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அக்கா. பிறகு தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். “மொத நாள் ஒருத்தன் வந்து தண்ணி கேட்டான். இங்க தண்ணி இருக்குன்னு எவன்டா சொன்னதுன்னு கேட்டேன். ஃபோனைக் காட்டினான். ஆத்துல இருந்து ஒரு கோடு வருது. எங்க வீட்டுக்கு எதிர்ல வந்து நிக்குது. திரும்பிப் போகுது. ஏழு நிமிஷம்னு எழுதியிருக்கு. பார்க்குல வழி போடறது யாருன்னு எனக்குத் தெரியாதா?”

சக்கரம் எதிரே இருந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த ஏழு நிமிஷமும் நான் உள்ளதான் இருந்திருக்கேன். கோப்பை கழுவிட்டு இருந்திருக்கேன்.” அக்காவின் குரல் உடைந்தது. உடைந்ததற்கே அவளுக்குக் கோபம் வந்தது. “தலையைத் தூக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல, பாவி.”

“எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே அக்கா.”

“பண்ணி? நீ வந்து நின்னது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா, வெட்கப்பட்டுக்கிட்டு அந்த ஏழு நிமிஷத்தையும் நிறுத்திடுவ. உன்னை எனக்குத் தெரியாது? அதான் கேட்டைத் திறந்து போட்டேன். இத்தனை பேர் இந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்களே, ஒரு நாள் போட்டவளும் வருவா இல்லையான்னு இருந்தேன். ஒவ்வொரு தடவை மணி அடிக்கறப்பவும் நீதான்னு ஓடி வந்தேன். வந்து பார்த்தா எவனாவது நிப்பான். பார்க்குல வேலை செய்யறவனா, உன்னைத் தெரியுமான்னு கேப்பேன். அவனுக்கு டீ போட்டுக் கொடுப்பேன். என்ன பண்றது, நீ எங்கயாவது தாகத்தோட நின்னா யாராவது கொடுக்க மாட்டாங்களான்னு.”

அத்தான் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப நீ வந்துட்ட,” என்றாள் அக்கா. “இனி எனக்கு எதுக்குடி ஊரான் எல்லாம்? கையெழுத்து எங்க போடணும்? காட்டு.”

சக்கரம் காகிதத்தின் மேல் குனிந்தாள். கட்டம் எது, வரி எது என்று ஒன்றும் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். குத்துமதிப்பாக ஓரிடத்தில் விரலை வைத்தாள். அது கையெழுத்துப் போடுகிற இடமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அக்கா திருத்தவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.